கட்டத்துக்குள் எதைக் கேட்பது?
பள்ளி மாணவர்க்குத் தரவுத்தளம் கற்பித்தல்: அறக்கட்டளைச் சொற்பொழிவு

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரவுத்தளத்தை எப்படிக் கற்பிக்கலாம், தரவு உள்ளிடும் படிவத்தை வடிவமைக்க அவர்களை எப்படிப் பழக்கலாம் என்று பேச அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் எனக்கு இடம் தந்திருக்கிறார்கள். கணினி ஆசிரியர்கள் ஆய்வகத்துக்குள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொருள் இது. அதைப் பொது அவைக்குக் கொண்டுவந்ததற்காக அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் என்று நாம் எல்லோரும் வாழ்நாள் முழுக்கப் படிவம் நிரப்புகிறவர்கள். நம்மைப் பற்றி அரசுக்கும் அலுவலகத்துக்கும் தெரிவது பெரும்பாலும் அந்தக் கட்டங்களில் நாம் எழுதியது மட்டுமே. நாளைக்கு அந்தக் கட்டங்களை வரையப் போகிறவர்கள் இன்று நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் மேல்நிலைக் கணினி அறிவியல் நூல் ஸ்டார் ஆபிஸ் பேஸ் மென்பொருளை வைத்துத் தரவுத்தளத்தைக் கற்பித்தது. இன்றைய பன்னிரண்டாம் வகுப்பு நூல்களில் எஸ்.கியூ.எல்., மை எஸ்.கியூ.எல்., பைத்தான் வழியாகத் தரவைக் கையாளுதல் எல்லாம் உண்டு. மத்திய வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடம், லிப்ரே ஆபிஸ் பேஸில் அட்டவணை, வினவல், படிவம், அறிக்கை நான்கையும் செய்யச் சொல்கிறது. குறை பாடப் பொருளில் இல்லை, சொல்லித்தரும் வரிசையில் இருக்கிறது. மென்பொருளைத் திற, மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் கொண்ட ஓர் அட்டவணையை உருவாக்கு, சில பதிவுகளை உள்ளிடு, விசார்டைச் சொடுக்கிப் படிவத்தை வரவழை, செய்முறை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கு. முதன்மைத் திறவுகோலுக்கு வரையறை சொல்லும் மாணவரிடம், இந்தக் கட்டம் ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்றே யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

என் கருத்து இதுதான். வினவலில் தொடங்கிப் படிவத்துக்குப் பின்னோக்கி வர வேண்டும். எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று முதலில் எழுத வேண்டும். அதற்கு எந்தத் தரவு தேவை என்று அடுத்துப் பார்க்க வேண்டும். அதை யாரிடம், எப்போது, எந்தச் சொற்களால் கேட்பது என்பது அதற்குப் பிறகு. எந்த வினவலுக்கும் விடை சொல்லாத கட்டத்துக்குப் படிவத்தில் இடமில்லை.

இதைச் செய்துபார்க்க ஒவ்வொரு பள்ளியிலும் பொருள் தயாராக இருக்கிறது. பள்ளி நூலகத்தைச் சொல்கிறேன். அலமாரிக்கு ஒரு பதிவேடு, வழங்கலுக்கு இன்னொரு பதிவேடு. மாணவர்களை முதலில் நூலகப் பொறுப்பாசிரியரிடம் அனுப்பி, அவருக்கு எந்த விடைகள் தேவைப்படுகின்றன என்று கேட்டுவரச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நான்கு வரும். இந்த நூல் இப்போது யாரிடம் இருக்கிறது? எந்த நூல்கள் இன்னும் திரும்பவில்லை? இந்த எழுத்தாளரின் நூல்கள் நம்மிடம் எவை? எந்த நூலை யாருமே எடுத்ததில்லை? இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் ஒரு பருவத்துக்கான பாடம் கிடைத்துவிடுகிறது. கணினியை அதுவரை இயக்கவே வேண்டாம்.

மூன்றாம் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. பதிவேட்டில் மு. வரதராசனின் நூல்களைத் தேடச் சொல்லுங்கள். ஒரு வரியில் மு.வ., இன்னொன்றில் டாக்டர் மு.வ., வேறொன்றில் மு. வரதராசனார், பிறகு மு. வரதராசன். மனிதக் கண் நால்வரையும் ஒருவராகப் படித்துக்கொள்ளும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறிக்கு அவர்கள் நான்கு பேர். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஆசிரியர் பெயரை ஒவ்வொரு நூலின் வரியிலும் தட்டச்சு செய்வதை விட்டு, ஆசிரியர்களுக்குத் தனி அட்டவணை ஒன்று வைத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, நூல் வரியில் அந்த எண்ணை மட்டும் எழுதலாம் என்று ஏதோ ஒரு பெஞ்சிலிருந்து யாராவது சொல்லிவிடுவார்கள். அயல் திறவுகோல் என்ற பெயரை அப்போது சொன்னால் போதும். அதன் தேவையை அவர்கள் ஏற்கெனவே உணர்ந்துவிட்டார்கள். பல எழுத்தாளர்களின் கதைகள் கொண்ட தொகுப்பு ஒன்றை உடனே எடுத்துக் கையில் கொடுங்கள். ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியர் எண் போதவில்லை. நூல் எண்ணையும் ஆசிரியர் எண்ணையும் இணைக்கும் மூன்றாவது அட்டவணை ஒன்று வேண்டும். கல்லூரி மாணவரே தடுமாறும் பலவற்றுக்குப் பல உறவு, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்படிக் கையில் இருக்கும் ஒரு புத்தகத்தால் விளங்கிவிடும்.

நூலையும் படியையும் பிரித்துக்காட்டுவதும் இங்கேதான். பொன்னியின் செல்வன் முதல் பாகம் நூலகத்தில் மூன்று படிகள் இருந்தால், தலைப்பும் ஆசிரியரும் ஒருமுறை எழுதப்பட வேண்டியவை. நூலகர் எழுதும் வரிசை எண்ணும், கிழிந்த நிலையும், யாரிடம் இருக்கிறது என்பதும் படிக்குப் படி வேறு. மூன்று வரியிலும் தலைப்பை எழுதினால், ஒன்றைத் திருத்தும்போது மற்ற இரண்டும் பழையபடி நிற்கும். இயல்பாக்கம் என்று பாடநூல் படிநிலை படிநிலையாகச் சொல்வதன் உயிர் இவ்வளவுதான். இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்களின் வரையறையைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று மாணவர்க்கு ஒருமுறை சொல்ல வேண்டும். 1970இல், ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணிபுரிந்த எட்கர் காட் என்ற கணிதம் படித்தவர் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அதுவரை தரவைச் சேமித்த முறைகளில், எந்த வழியாகப் போனால் எது கிடைக்கும் என்ற பாதை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. கேள்வி மாறினால் நிரலையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் எளிய அட்டவணைகளாக வைத்து, மதிப்புகளின் பொருத்தத்தால் அவற்றை இணைத்தால், தரவு வட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாதவரும் புதிய கேள்வி கேட்கலாம் என்றார் காட். நான்கு ஆண்டுகளில் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்கான கேள்வி மொழியை அறிமுகப்படுத்தினார்கள். அதன் வழிவந்ததே எஸ்.கியூ.எல். காட்டுக்கு 1981இல் டூரிங் விருது கிடைத்தது. இந்த வரலாற்றை நான் பெயர்களுக்காகச் சொல்வதில்லை. முன்கூட்டி யாரும் நினைக்காத கேள்வியைக் கேட்கும் உரிமையைச் சாதாரணப் பயனாளருக்குக் கொடுத்த கண்டுபிடிப்பு இது என்று பிள்ளைகள் அறிய வேண்டும்.

எக்செல் போதாதா என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிறிய பட்டியலுக்குப் போதும். ஆனால் 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா தொற்றுகளை உரிய நாளில் கணக்கில் சேர்க்க முடியாமல் போனது. ஆய்வகக் கோப்புகளை ஏற்றிய பழைய எக்செல் வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை சேராமலே போயின. தொற்றாளர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரத் தாமதமாயிற்று. விரிதாளில் இன்னொரு சிக்கல், நாம் எழுதியதை அது தன் விருப்பப்படி படித்துக்கொள்வது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம் போலிருந்த மனித மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. அந்த வழிகாட்டுதல் 2020இல் வெளியானது. தரவு வகை என்ற பாடத்துக்கு இதைவிடத் தெளிவான முன்னுரை எனக்குத் தெரியவில்லை. தொலைபேசி எண்ணை எண் வகையில் வைத்தால், 0 என்று தொடங்கும் ஊர்க் குறியீட்டின் முதல் இலக்கம் காணாமல் போகும். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எழுத்து வகையே.

வழங்கல் அட்டவணைக்கு வருவோம். படி எண், உறுப்பினர் எண், எடுத்த தேதி, திரும்பிய தேதி. நூலை எடுத்த நாளில் நான்காவது கட்டத்தில் என்ன எழுதுவது? சிலர் 0 என்பார்கள். சிலர் ‘இல்லை’ என்று எழுதலாம் என்பார்கள். இன்னும் சிலர் அன்றைய தேதியையே போட்டுவிடுவார்கள். காலியாக விடு, அந்தக் காலியிடமே நூல் இன்னும் திரும்பவில்லை என்ற செய்தி என்று சொல்லும்போது வகுப்பு சற்றுத் திகைக்கிறது. கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று பள்ளி அவர்களைப் பழக்கியிருக்கிறது. எஸ்.கியூ.எல்.லில் இந்தக் காலி மதிப்பைச் சமக்குறி போட்டுத் தேடினால் ஒரு வரியும் வராது, ‘ஈஸ் நல்’ என்று கேட்க வேண்டும் என்பதைச் செய்துபார்த்தே அறியட்டும். தெரியாததும் பொருந்தாததும் வேறுவேறு, இரண்டையும் ஒரே காலியிடத்தால் குறிக்கக் கூடாது என்று காட் தம் 1990ஆம் ஆண்டு நூலில் வாதிட்டார். இன்றும் முடிவாகத் தீராத விவாதம் அது. அதன் வாசலில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நிற்க முடிகிறது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

படி ஒன்றை அடையாளம் காட்டும் திறவுகோல் எது? ஐ.எஸ்.பி.என். என்பார்கள். அழகான எண்தான் அது. முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறிமாறிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே 13ஆவது இலக்கம். ஏதோ ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் கணக்கு உதைக்கும், படிவம் உடனே சொல்லிவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிபடும். 1, 6 போல ஐந்து வேறுபாடு உள்ளவை இடம் மாறினால் பிடிபடாது. ஏன் என்று கணித ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லலாம். ஆதார் எண்ணின் கடைசி இலக்கத்துக்கு அடிப்படையான வெர்ஹோஃப் முறை அந்த இடமாற்றங்களையும் விடாமல் பிடிக்கும். இத்தனை இருந்தும் ஐ.எஸ்.பி.என். நம் நூலகத்துக்குத் திறவுகோல் ஆகாது. மூன்று படிகளுக்கும் அது ஒன்றே. தவிர, 1970க்கு முன்பு அச்சான பழைய தமிழ் நூல்களில் அது இருக்காது. அதைக் கட்டாயப் புலமாக்கினால், அலமாரியின் மிக அரிய புத்தகங்களே தரவுத்தளத்துக்கு வெளியே நிற்கும். நூலகர் கையால் எழுதிய வரிசை எண்ணே சரியான திறவுகோல்.

இனி, இந்தப் பேச்சில் எனக்கு மிக முக்கியமான பகுதி. உறுப்பினர் படிவம்.

மாணவர்களை வரையச் சொன்னால் பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்தை அப்படியே நகலெடுக்கிறார்கள். தந்தை பெயர், தந்தையின் தொழில், ஆண்டு வருமானம், சமயம், சாதி, ஆதார் எண். படிவம் என்றால் இவைதான் என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு, இந்தப் பதிலை வைத்து எந்த வினவலை எழுதப் போகிறாய் என்று கேட்க வேண்டும். புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று அறிய வருமானம் எதற்கு? சாதி எதற்கு? கட்டங்கள் ஒவ்வொன்றாக உதிரும். கடைசியில் உறுப்பினர் எண், பெயர், வகுப்பு, பிரிவு, நூல் திரும்பாதபோது தொடர்புகொள்ள ஒருவர் ஆகியவை மட்டும் மிஞ்சும். கேட்காமல் விடுவதும் வடிவமைப்பு என்று அந்த வகுப்பில் பிள்ளைகள் கற்கிறார்கள்.

மிஞ்சிய கட்டங்களும் எளிதானவை அல்ல. பெயரை எடுத்துக்கொள்வோம். முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரட்டைக் கட்டம் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் சமூகங்களுக்காகப் பிறந்தது. நம் பிள்ளைகள் இரண்டாவது கட்டத்தில் தந்தை பெயரை எழுதி ஒப்பேற்றுகிறார்கள். தலைப்பெழுத்துக்கு ஒரு கட்டம், பெயருக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் நமக்குப் பொருந்தும். அதிலும் கருப்பையாவின் மகள் செல்வி ஒரு பதிவேட்டில் க. செல்வி, ஆங்கில எழுத்தின் ஒலியால் இன்னொன்றில் கே. செல்வி. தமிழில் பெயரெழுதும்போது தலைப்பெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது. மொழிக்கு நல்லதான அந்த ஆணை, தரவுக்கும் நல்லது.

தொடர்புக்கு ஒருவர் என்பதற்குத் ‘தந்தை பெயர்’ என்று கட்டம் போட்டு, அதைக் கட்டாயமாக்கி, சிவப்பு உடுக்குறியும் வைத்துவிடுகிறார்கள். தந்தையை இழந்த பிள்ளை, தாயோடு மட்டும் வாழும் பிள்ளை, பாட்டி வளர்க்கும் பிள்ளை, விடுதிக் காப்பாளரே பொறுப்பாளராக உள்ள பிள்ளை எல்லோரும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். நாற்பது பேர் முன்னால், கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாத அந்தப் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். பாதுகாவலர் பெயர், மாணவருக்கு அவர் என்ன உறவு என்று இரண்டு கட்டமாகக் கேட்டால் யாரையும் காயப்படுத்தாது. ஒரு மாணவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதுகாவலர் இருக்கலாம் என்பதால் இதற்கும் தனி அட்டவணை வேண்டும். ஒன்றுக்குப் பல என்ற உறவைக் கற்பிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இங்கே மனிதத் தன்மையும் சரியான அட்டவணை அமைப்பும் ஒரே விடையைத் தருகின்றன.

தேர்வுப் பட்டியல்களிலும் இதே எச்சரிக்கை தேவை. நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு இரத்த வகைப் பட்டியல் தயாரிக்கும் மாணவர்கள் எட்டு வகைகளைக் கீழிறங்கு பட்டியலில் போட்டுவிட்டு முடிந்தது என்பார்கள். 1952இல் மும்பையில் மருத்துவர் பேண்டேயும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த, இன்று பம்பாய் இரத்த வகை என்றே அழைக்கப்படும் அரிய வகை அந்த எட்டில் இல்லை. அந்த வகையினரை ஓ என்று பதிந்து ஓ இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பாலினத்துக்கு இரண்டே பொத்தான் வைக்கும் படிவமும் அப்படித்தான். திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பட்டியலில் இல்லாதவர் படிவத்துக்கு முன்னால் இல்லாதவராகிவிடுகிறார்.

கட்டாயப் புலம் பொய்யை வரவழைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கைபேசி இல்லாதவரிடம் பத்து இலக்கம் கேட்டால் பத்து ஒன்பதுகள் வரும். பிறந்த நாள் தெரியாதவரிடம் தேதி கேட்டால் ஜனவரி 1 வரும். ஐந்து வயது நிறைந்ததாகக் காட்ட வேண்டிய தேவையால், மே, ஜூன் மாதங்களில் பிறந்ததாகச் சான்றிதழில் பதியப்பட்ட தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. அந்தத் தேதிகளை வைத்து எந்த மாதத்தில் குழந்தைகள் அதிகம் பிறந்தன என்று வினவல் எழுதினால், எஸ்.கியூ.எல். பிழையில்லாமல் தவறான விடை தரும்.

படிவத்தை வரைந்த பிறகு அதைச் சோதிக்க ஒரே வழியைப் பரிந்துரைப்பேன். வரைந்த மாணவர் வாய் திறக்காமல் பக்கத்தில் நிற்க, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதை நிரப்ப வேண்டும். எங்கே விரல் தயங்குகிறது, எதை உரக்கப் படிக்கிறது, எங்கே அண்ணனைத் திரும்பிப் பார்க்கிறது என்று அவர் குறித்துக்கொள்ள வேண்டும். டேப் விசை பெயரிலிருந்து பிரிவுக்குத் தாவி, பிறகு மேலே வகுப்புக்கு வருவது அப்போது தெரியும். ‘தவறான உள்ளீடு’ என்ற செய்தி யாருக்கும் உதவாது என்பதும் தெரியும். ‘நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதவும்: 05-06-2011’ என்றால் உதவும். லிப்ரே ஆபிஸ் பேஸில் பட்டியல் பெட்டி ஆசிரியரின் பெயரைக் காட்டி எண்ணைச் சேமிக்கிறது, சேர்க்கைப் பெட்டியோ காட்டும் எழுத்தையே சேமிக்கிறது. எதைப் பயன்படுத்தினால் மு.வ. மறுபடி நான்கு பேராகாமல் இருப்பார் என்று மாணவரே சொல்லட்டும்.

தமிழில் உள்ளிடுவதற்கென்று சில கூடுதல் பாடங்கள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே ஆங்கில எழுத்துகளின் கோவையே இருக்கும், தேடினால் கிடைக்காது. ஒருங்குறியில் உள்ளிட்டால் இந்தச் சிக்கல் தீரும், அகரவரிசைச் சிக்கல் தீராது. ஒருங்குறி அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து நிற்கிறது. ஆகவே எஸ்.கியூ.லைட் போல, இயல்பாகக் குறியெண் வரிசையில் அடுக்கும் தரவுத்தளத்தில் அன்பரசிக்குப் பின்னால்தான் அப்துல் வருவார். நம் நெடுங்கணக்குப்படி அப்துலே முதலில். அக்காவும் அகிலாவும் இப்படியே இடம் மாறுவார்கள், ஏனென்றால் புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னால் இருக்கிறது. வருகைப் பதிவேட்டை வைத்து மாணவர்களே இதைக் கண்டுபிடிக்கும்போது, தமிழ் ஆசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டிய வகுப்பு ஒன்று உருவாகிறது.

பழைய பதிவேட்டைக் கணினிக்கு ஏற்றும் வேலையை மாணவர்களிடம் கொடுக்கும்போது ஒரு பக்கத்தை இருவர், ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக உள்ளிட வேண்டும். துளை அட்டைக் காலத்திலேயே இதற்கென்று சரிபார்ப்புப் பொறி இருந்தது. முதலில் ஒருவர் துளையிட்ட அட்டையை அதில் வைத்து இன்னொருவர் அதே தரவை மீண்டும் தட்டுவார், வேறுபட்டால் பொறி நிற்கும். இன்று இரண்டு அட்டவணையையும் ஒப்பிடும் ஒரு வினவல் போதும். வேறுபட்ட வரிகளுக்கு மட்டும் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். யார் தவறு செய்தார் என்று தேடுவதை விட, எந்தக் கட்டத்தில் தவறுகள் குவிகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தைத் திருத்தி வரைய வேண்டும் என்று அர்த்தம்.

ஆண்டு இறுதியில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அது எந்தச் செய்முறை நோட்டிலும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வெளியேறும்போது அவர்களுடைய பதிவுகளை என்ன செய்வது? ஒரு பிள்ளை ஐந்தாறு ஆண்டுகளில் எந்தெந்த நூல்களை எடுத்தது என்ற பட்டியல் அதன் மனத்துக்கு மிக நெருக்கமான தகவல். 2023இல் இயற்றப்பட்ட எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகக் கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. எது தேவையோ அதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த நூலை யாருமே எடுத்ததில்லை என்ற நான்காம் கேள்விக்கு ஒவ்வொரு படிக்கும் வழங்கல் எண்ணிக்கை போதும், எடுத்தவரின் பெயர் தேவையில்லை. எண்ணிக்கையைத் தனி அட்டவணையில் எழுதிக்கொண்டு, வழங்கல் வரிகளையும் உறுப்பினர் வரிகளையும் நீக்கும் வினவலை மாணவர்களே எழுதட்டும். உறுப்பினர் வரியை முதலில் நீக்கப் பார்த்தால், அயல் திறவுகோல் சரியாக அமைந்த தரவுத்தளம் மறுக்கும். ஏன் மறுக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால், திரும்பிய தேதி காலியாக உள்ள வரிகளை அச்செடுத்து நூலகப் பொறுப்பாசிரியரிடம் கொடுக்கட்டும். அந்த நூல்கள் அலமாரிக்கு வந்துசேர்ந்த பிறகு நீக்கலாம்.